முதல் கை, இரண்டாம் கை

சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடிக்கும்வரை பொதுவான விஷயங்களையே பேசிக்கொண்டிருந்தார். பிறகு தயக்கத்துடன், "தம்பி, ஒரு பழைய பென்ஸ் வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் சம்மதமில்லை" என்றார். பணிக்கொடையில் மகளின் திருமணக் கடனை அடைத்தது போக அவரிடம் எஞ்சியிருந்தது எட்டு லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய புதிய கார் வரும். பத்துப் பன்னிரண்டு வயதான பென்ஸோ பி.எம்.டபிள்யூவோகூட வரும். "நீ பழைய ஏடு படிக்கிறவன். இதையும் படித்துச் சொல்லேன்" என்றார்.

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்காகச் சில வாரங்கள் படித்த பின்பு, அந்த வேடிக்கையில் உண்மை இருப்பதாகத் தோன்றியது. பழைய ஜெர்மன் கார் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பெரும்பாலும் அதன் வரலாற்றைப் படிக்கும் வேலைதான். இக்கட்டுரை அந்தப் படிப்பின் பயன்.

*

ஆங்கிலத்தில் 'எக்ஸிக்யூட்டிவ் கார்' என்று சொல்லப்படும் இந்த வகைக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் 'மேல் நடுத்தர வகுப்பு' என்று பெயர்க்கலாம். இப்பெயரில் ஒரு சமூக வரலாறு இருக்கிறது. இது பிரபுக்களின் வண்டியன்று. போரில் தரைமட்டமான ஒரு நாட்டில் மருத்துவர், கட்டட ஒப்பந்தக்காரர், வசதியான விவசாயி ஆகியோர் உழைத்து வாங்கிய வண்டி. அவர்களுக்குச் சமமாக டாக்சி ஓட்டுநரும் இதை வாங்கினார் என்பதுதான் வியப்பு.

டைம்லர்-பென்ஸ் நிறுவனம் 1936இலேயே 260 டி என்ற டீசல் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. போருக்குப் பின் 1954இல் 180 டி வந்தது. எரிபொருளுக்கு ஆகும் செலவே தன் வருமானத்தைத் தீர்மானிக்கும் டாக்சிக்காரருக்கு, மெதுவாகச் சென்றாலும் குறைவாகக் குடித்து நெடுநாள் உழைக்கும் எஞ்சின்தான் தேவை. 1968இல் வந்து, அவ்வாண்டின் எண்ணாலேயே 'கோடு எட்டு' என்று பெயர் பெற்ற வரிசை, 1976வரை ஏறத்தாழ 19 லட்சம் வண்டிகள் விற்றது. அதன் வாரிசாக 1976 ஜனவரியில் அறிமுகமான டபிள்யூ 123 வரிசை, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகளாகப் பெருகியது. அதில் 200 டி என்ற வகையின் ஆற்றல் தொடக்கத்தில் 55 குதிரைத்திறன் மட்டுமே. மலைச்சாலையில் அது ஏறுவதைப் பார்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். ஆயினும் அது சந்தைக்கு வந்த புதிதில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. காத்திருக்க மாட்டாதவர்கள், சில மாதங்கள் ஓடிய பழைய வண்டியைப் புதிய வண்டியின் விலைக்கு மேலும் கொடுத்து வாங்கினார்கள். பழையது புதியதைவிட விலை கூடியதாக இருந்த அந்தச் சில ஆண்டுகளில்தான் 'பழைய பென்ஸ்' என்ற நம்பிக்கை வேரூன்றியது எனலாம்.

ஷ்டுட்கார்ட் நகரிலுள்ள அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு 2004இல் ஒரு வண்டி வந்து சேர்ந்தது. 1976ஆம் ஆண்டின் 240 டி. கிரேக்க நாட்டின் தெசலோனிகி நகரத்து டாக்சி ஓட்டுநர் ஒருவர் அதை 1981இல் வாங்கியபோது, அது ஏற்கெனவே இரண்டு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அவரிடம் அது ஓடி முடித்தபோது கணக்கு 46 லட்சம் கிலோமீட்டர். இச்செய்தியைப் படிக்கும் எவரும் உடனே வண்டியைப் புகழ்வார்கள். ஆனால் அந்த ஓட்டுநர் மாற்று எஞ்சின்களை வைத்துக்கொண்டு, ஒன்றைச் செப்பனிடும்போது மற்றொன்றைப் பூட்டி ஓட்டியவர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வண்டி உழைத்தது உண்மை. அதைவிட அதிகமாக அவர் உழைத்தார். அருங்காட்சியகத்தில் நிற்பது ஓர் இரண்டாம் கை வண்டி என்பதும் கவனத்துக்குரியது.

*

பென்ஸுக்குப் போட்டியாக நின்ற மற்ற இரண்டு பெயர்களும் ஏறத்தாழ அழிவிலிருந்து மீண்டவை.

1959 டிசம்பர் 9 அன்று மியூனிக் நகரில் கூடிய பி.எம்.டபிள்யூ பங்குதாரர் கூட்டத்தில், நிறுவனத்தை டைம்லர்-பென்ஸிடம் ஒப்படைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. சிறு பங்குதாரர்களும் விற்பனையாளர்களும் எதிர்த்தார்கள். வழக்கறிஞர் ஒருவர் ஆண்டுக் கணக்கில் குறை கண்டுபிடித்து, சட்டத்துக்குத் தேவையான பத்து விழுக்காட்டு ஆதரவைத் திரட்டித் தீர்மானத்தை ஒத்திவைக்கச் செய்தார். அந்த இடைவெளியில் தொழிலதிபர் ஹெர்பர்ட் க்வாண்ட் தம் செல்வத்தைப் பணயம் வைத்து நிறுவனத்தைக் காப்பாற்றினார். 1961இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 'புதிய வகுப்பு' என்ற பெயரில் 1500 என்ற கார் காட்டப்பட்டது. அதன் வழியில் 1972இல் ஐந்தாம் வரிசை பிறந்தது.

ஆடியின் கதை இன்னும் விசித்திரமானது. 1960களின் நடுவில் இங்கோல்ஸ்டாட் ஆலையைக் கையகப்படுத்திய வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் தலைவர் ஹைன்ரிஷ் நோர்டோஃப், அங்கே புதிய கார் எதையும் உருவாக்கக் கூடாது என்று தடை விதித்திருந்தார். பொறியாளர் லுட்விக் க்ராவுஸ் தடையை மீறி இரகசியமாக ஒரு காரை உருவாக்கினார். அதைக் கண்ட பின் நோர்டோஃப் மனம் மாறி அனுமதித்தார். 1968இல் வெளிவந்த ஆடி 100 அதுதான். 1982இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறை, காற்றெதிர்ப்புக் குணகத்தை 0.30ஆகக் குறைத்துக் காட்டியது. 1980களின் நடுவில் அதன் உடல் முழுவதும் துத்தநாகம் பூசப்பட்டது. துருவே பழைய காரின் மரணம் என்றிருந்த காலத்தில், இரண்டாம் கை வாங்குவோருக்கு இது பெரிய கொடை. முதல் உரிமையாளர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார். அவர் விற்றுவிட்டுப் போன பிறகல்லவா துரு வரும்!

*

இத்தனை நல்ல வண்டிகள் எங்கிருந்து பழைய சந்தைக்கு வருகின்றன? இதற்கு விடை வரிச் சட்டத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் இவ்வகுப்புக் கார்களைப் புதிதாகப் பதிவு செய்வோரில் பெரும்பாலோர் தனிமனிதர் அல்லர், நிறுவனங்கள். ஊழியருக்குக் கொடுக்கப்படும் நிறுவனக் கார் அவருடைய வருமானத்தின் பகுதியாகக் கருதப்படுகிறது. 1996 முதல், காரின் பட்டியல் விலையில் ஒரு விழுக்காட்டை மாதந்தோறும் வருமானத்தில் சேர்த்து வரி கணக்கிடும் முறை நிலவுகிறது. குத்தகைக்கு எடுத்த வண்டி மூன்று ஆண்டுகளில் திரும்பி வருகிறது. இவை தவிர, ஆலைத் தொழிலாளர்கள் சலுகை விலையில் வாங்கி ஓராண்டு ஓட்டி விற்கும் 'ஆண்டு வண்டி' என்றொரு வகையும் உண்டு. சொகுசு வண்டியின் பெரிய விலைச் சரிவு நிகழ்வது முதல் சில ஆண்டுகளில்தான். அச்சரிவை நிறுவனமும் வரிச் சலுகையும் தாங்கிக்கொள்கின்றன. இரண்டாம் உரிமையாளர் அந்த நிழலில் நிற்கிறார்.

ஆனால் நிழலில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். மூன்று இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. 1970இல்தான் வெளிவந்தது, 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவும் காரணமாயிற்று. அதன் சாரம் எளியது. காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் எல்லா வண்டியையும் சந்தேகித்து விலையைக் குறைக்கிறார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க முன்வருவதில்லை. கடைசியில் சந்தையில் மட்டமான வண்டிகளே மிஞ்சுகின்றன.

ஜெர்மானியர் இச்சிக்கலுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டுகளைப் போட்டார்கள். 1866இல் மான்ஹைம் நகரில் நீராவிக் கொதிகலன்களைச் சோதிக்கத் தோன்றிய சங்கத்தின் மரபில் வளர்ந்த 'ட்யூஃப்' அமைப்புகள், இருபதாம் நூற்றாண்டில் கார்களையும் சோதித்தன. 1951இல் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதனை கட்டாயமாயிற்று. 1961 முதல் எண்பலகையில் வட்டமான வில்லை ஒட்டும் வழக்கம் வந்தது. 1957இல் ஷ்வாக்கே விலைப்பட்டியல் தோன்றியது. பழைய காரை வணிகர் ஒருவர் தனிமனிதருக்கு விற்றால் குறைக்கான பொறுப்பை முற்றிலும் கைகழுவ முடியாது என்ற நிலையை 2002இன் சட்டத் திருத்தம் உருவாக்கியது. 2005இல் மீட்டரைத் திருப்புவது தனிக் குற்றமாயிற்று.

இந்தச் சந்தை தனக்கென்று ஒரு மொழியையும் வளர்த்துக்கொண்டது. விளம்பரங்களில் 'முதல் கையிலிருந்து' என்றால் ஒரே உரிமையாளர். 'கொட்டகை வண்டி' என்றால் வெயில் மழை படாதது. 'கைவினை விரும்பிகளுக்கு' என்றால் ஓடாது என்று பொருள். இவற்றில் மதிப்பு மிக்க சொல் 'காசோலைப் புத்தகத்தால் பேணப்பட்டது' என்பது. பராமரிப்புக் கையேடு காசோலைப் புத்தகம் போல இருந்ததால் வந்த பெயர் இது. ஒவ்வொரு பக்கத்திலும் பணிமனையின் முத்திரை, தேதி, ஓடிய தூரம் இருக்கும். சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும் நாளும் காணும்போது பதிப்பாசிரியருக்கு ஏற்படும் நிம்மதியை, இந்தப் புத்தகம் கார் வாங்குபவருக்குத் தருகிறது.

*

அந்த நிம்மதி ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது? 1990களில் இவ்வண்டிகளின் இயல்பு மாறியதே காரணம். அதுவரை உழைப்பால் பெயர் பெற்றவை, பின்னர் நுட்பத்தால் பெயர் பெற விரும்பின.

1984இல் வந்து, 1993இல் 'ஈ வகுப்பு' என்ற பெயரை ஏற்ற டபிள்யூ 124 வரிசையைப் பலரும் கடைசி உண்மையான பென்ஸ் என்று போற்றுவர். ஆயினும் 1990களின் முற்பகுதியில் தயாரான அதன் பல வண்டிகளில், எஞ்சின் சூட்டில் மின்கம்பிகளின் உறை பொடிந்து உதிர்ந்தது. அடுத்து 1995இல் வந்த வரிசை துருவுக்குப் பேர்போனது. அக்கால பி.எம்.டபிள்யூ வி-8 எஞ்சின்களின் சிலிண்டர்களில் பூசப்பட்ட நிக்கல்-சிலிக்கான் பூச்சைக் கந்தகம் மிகுந்த பெட்ரோல் அரித்தது. 2002இல் வந்த ஈ வகுப்பில் மின்னணுவால் இயங்கும் பிரேக் அமைப்பு இருந்தது. அதன் சிக்கல்களால் 2004இல் 6,80,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2005இல் 13 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதற்கும் அது ஒரு காரணம். 2006இல் நிறுவனம் பழைய வகை பிரேக்குக்கே திரும்பியது. அந்த மின்னணு அமைப்பு ஒவ்வொரு முறை பிரேக் அழுத்துவதையும் எண்ணிக்கொண்டிருக்கும். குறித்த எண்ணிக்கை முடிந்தால் அலகையே மாற்ற வேண்டும். முதல் உரிமையாளர் செலவழித்தது போக எஞ்சிய எண்ணிக்கையைத்தான் இரண்டாமவர் விலை கொடுத்து வாங்குகிறார்.

2007இல் வந்த பி.எம்.டபிள்யூவின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பெட்டியை ஒட்டி அமைந்தது. செயின் தேய்ந்தால் அதைத் தொடுவதற்கே எஞ்சினையோ கியர்பெட்டியையோ இறக்கியாக வேண்டும். பொருளின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலி பல மடங்கு.

இவ்வரலாற்றிலிருந்து நான் கற்ற ஒரே பாடம் இதுதான்: காரின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது, அதன் பராமரிப்புச் செலவு இறங்குவதே இல்லை. அறுபது லட்சத்துக்கு விற்ற வண்டி எட்டு லட்சத்துக்குக் கிடைத்தாலும், அதன் ஷாக் அப்சார்பரும் இன்ஜெக்டரும் அறுபது லட்சம் ரூபாய் வண்டிக்கு உரியவையாகவே இருக்கும். முதல் கை பெருமைக்கு விலை கொடுத்தது. இரண்டாம் கை பராமரிப்புக்கு விலை கொடுக்க வேண்டும். இதை அறியாமல் பெருமையைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணுபவர்தான் இடர்ப்படுகிறார்.

*

பழைய காரின் விலை இறங்குவதற்கு அதன் குறை மட்டுமே காரணம் என்று கருதிவிடவும் கூடாது. 2009இல் ஜெர்மன் அரசு, ஒன்பது ஆண்டுக்கு மேற்பட்ட காரை உடைக்கக் கொடுத்துப் புதியது வாங்குவோருக்கு 2,500 யூரோ வழங்கியது. ஓடக்கூடிய வண்டிகளும் உடைப்புக் களத்துக்குப் போயின. 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகனின் புகைமோசடி அமெரிக்காவில் வெளிப்பட்டது. 2018 பிப்ரவரியில் லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், நகரங்கள் பழைய டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீசல் கார் தன் ஊரிலேயே வேண்டாததாயிற்று.

ஊரில் வேண்டாததானது வெளியூர் செல்கிறது. 1961இல் துருக்கியோடு செய்த உடன்பாட்டின்படி ஜெர்மனிக்கு வந்த தொழிலாளர்கள், கோடை விடுமுறையில் கார்களில் பொருள்களை ஏற்றிக்கொண்டு யூகோஸ்லாவியா, பல்கேரியா வழியாக ஊர் திரும்பினார்கள். அதாலத் ஆவோலு 1976இல் எழுதிய துருக்கி நாவல் ஒன்றின் நாயகன், தேன்நிற பென்ஸ் ஒன்றில் அப்படித் தன் கிராமத்துக்குப் போகிறான். எல்லாரையும் இழந்து பெற்ற வண்டி அது. ஊர் நெருங்க நெருங்க அதுவும் சிதைகிறது. 1990களின் தொடக்கத்தில் அந்நாவல் திரைப்படமும் ஆயிற்று. பெருமைக்காக வாங்கும் காரைப் பற்றி இதைவிடக் கூர்மையான எச்சரிக்கை எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் இதே போன்ற நகர்வு உண்டு. டெல்லிப் பகுதியில் பத்தாண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2025இல் அவ்விவகாரம் மீண்டும் நீதிமன்றத்துக்குச் சென்றபோதிலும், அதற்குள் எத்தனையோ வண்டிகள் தெற்கே வந்துவிட்டன. புனேயில் 1995இல் பென்ஸும், செங்கல்பட்டை ஒட்டிய ஆலையில் 2007இல் பி.எம்.டபிள்யூவும் பூட்டத் தொடங்கியதன் விளைவாக இவ்வண்டிகள் இங்கே பெருகியிருக்கின்றன. ஆனால் ஜெர்மானியர் போட்ட கட்டுகள் வண்டியோடு வந்து சேரவில்லை. முத்திரையிட்ட புத்தகம் பல வண்டிகளில் இருப்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களில் பல சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தன. கம்பளத்தின் அடியில் படிந்த வண்டலும் இருக்கைத் தண்டவாளத்தின் துருவுமே அவற்றுக்குச் சாட்சி.

*

பேராசிரியரோடு நான்கு வண்டிகளைப் பார்த்தேன். இரண்டின் பெயர்தான் அவர் மனத்தில் நின்றது. ஒன்று டெல்லிப் பதிவெண் கொண்ட ஐந்தாம் வரிசை டீசல். கண்ணாடி போல மின்னியது. மீட்டர் 62,000 கிலோமீட்டர் காட்டியது. பிரேக் பெடலின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் வேறு கணக்குச் சொல்லின. பராமரிப்புத் தாள்களைக் கேட்டதற்கு, "வண்டியைப் பாருங்க சார், தாள் எதுக்கு?" என்றார் தரகர். விலை ஏழே முக்கால் லட்சம்.

மற்றொன்று கோவை மருத்துவர் ஒருவரின் ஈ வகுப்பு பெட்ரோல் கார். 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. முன்பம்பரில் கீறல், ஒரு கதவில் மங்கிய பெயிண்ட். ஆனால் அவர் ஒரு தடித்த கோப்பை எடுத்து வைத்தார். அவ்வகை எஞ்சினில் டைமிங் செயின் தளர்வது அறிந்த குறை. கோப்பைப் புரட்டியபோது, செயினை மாற்றியதற்கான பில் இருந்தது. கியர்பெட்டி எண்ணெயை மாற்றியதற்கு இரண்டு பில்கள் இருந்தன. பில்களில் எழுதிய தூரத்தை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினோம். எண்கள் எங்கும் முரணாமல் ஏறிச் சென்றன. வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து நிறுவனப் பணிமனையில் விசாரித்ததிலும் அதே கணக்கே வந்தது. பாடபேதமில்லாத சுவடி!

விலை ஐந்தே முக்கால் லட்சம். எஞ்சிய இரண்டே கால் லட்சத்தை வங்கியில் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும், வண்டியைத் தவிர வேறெதற்கும் தொடக் கூடாது என்பது நான் வைத்த நிபந்தனை. "அப்படியானால் நான் எட்டு லட்சத்துக்குத்தானே வாங்குகிறேன்?" என்றார். "ஆமாம் சார். அதுதான் அதன் உண்மையான விலை" என்றேன்.

அவர் சிறிது நேரம் அந்த மின்னும் டீசல் காரையே நினைத்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மருத்துவரின் கோப்பை வாங்கி மீண்டும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். இப்போது எட்டு மாதங்கள் ஆகின்றன. முன்சக்கரப் புஷ்களையும் பேட்டரியையும் மாற்றியதில் தனிக் கணக்கிலிருந்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. இரண்டு பில்களையும் அவர் அதே கோப்பில், அடுத்த உரிமையாளருக்காகத் தேதி எழுதிக் கோத்து வைத்திருக்கிறார்.